மரத்துக்குத் திரும்பும் அம்பு கிடையாது

இருட்டிய பிறகு ரப்பர் தோட்டத்தில் கேட்கக்கூடிய சத்தங்கள் எல்லாம் கிளாடிசுக்குத் தெரியும். காய் வெடித்துக் கொட்டை தகரக் கூரையில் தெறிக்கும் சத்தம், மரநாய் உத்தரத்தில் நடக்கும் சத்தம், பால் வெட்டாத நாளில் மரத்தில் கட்டிய வெறும் சிரட்டையில் மழை சொட்டும் சத்தம் என்று, கல்யாணமாகி அந்தத் தொழிலாளர் லயத்துக்கு வந்த மூன்று வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்து, பேர் வைத்த பிறகு பயம் குறைந்து, உறங்கப் பழகியிருந்தாள். ஆனால் மாதா திருநாள் கழிந்த மூன்றாம் நாள், ஜெபமாலையின் கடைசி மணி அவள் விரலுக்கு வந்தபோது, பின்வாசலை ஒட்டி நின்ற கிழட்டு ரப்பர் மரத்துக்குள்ளிருந்து கேட்ட சத்தத்துக்குப் புதிதாக ஒரு பேர் வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு போனபோது, டவுன் ஆஸ்பத்திரியில் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஒரு பெட்டியைத் திருகி, "இந்தா கேளு" என்று கேட்க வைத்தார்களே, அதே சத்தம். லப் டப், லப் டப் என்று, அவசரமே இல்லாமல், இனி இதுதான் வீடு என்று முடிவு செய்துவிட்டவர்களின் நிதானத்தோடு அது மரத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மாதக் குழந்தை ஜெனிஷா பாயில் விழித்துக் கிடந்தாள். கிளாடிஸ் குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தாள். ஊருக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டின் கதவில் காதை வைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. குழந்தை மூச்சுவிட்டது, சூடாயிருந்தது, அம்மாவின் கம்மலைப் பிடித்து இழுத்தது. நெஞ்சு மட்டும் அடிக்கவில்லை.

அவள் புருஷன் வில்பிரட் டார்ச்சை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். ஐந்தாம் பிளாக்கில் கத்தி தடியில் படாமல் பால் வெட்டுகிறவன் என்று பேரெடுத்தவன் அவன். பட்டையில் எவ்வளவு ஆழம்வரை பால், எந்த இடத்தில் உள்மரமான தடி தொடங்குகிறது என்று அவன் கைக்குத் தெரியும், தடியில் காயம் பட்ட மரம் பிறகு சரியாக ஆறுவதில்லை. அவன் மரத்தில் காது வைத்தான், பிறகு உள்ளே வந்து பிள்ளையின் நெஞ்சில் வைத்தான், பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"கிளாடி, எனக்க பிள்ளைக்க நெஞ்சு மரத்துக்குள்ள கெடக்குட்டீ."

அந்த லயத்தில் எதற்கும் மூன்று நாள்தான். புலி வந்தாலும் மூன்று நாள், பூசணிக்காய் அளவு ஆலங்கட்டி விழுந்தாலும் மூன்று நாள், நாலாம் நாள் அது எப்போதும் உள்ளதாகிவிடும். முதல் நாள் பெண்கள் பால் வாளியோடு வந்து வரிசையாக மரத்தில் காது வைத்து, "ஓ, அடிக்குது, அடிக்குது" என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தன் குழலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் கூட்டிவா என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் தடுப்பூசி நர்சம்மா வந்து, எடை தூக்கி, உயரம் பார்த்து, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எடை சரியாத்தான் இருக்கு. நெஞ்சடிப்புக்கு இதுல கட்டம் இல்லம்மா. கட்டம் இல்லாதத நான் எங்க எழுத?"

வில்பிரட்டின் அக்கா பிலோமினா, அடுத்த வீட்டில் குடியிருந்து தோட்டத்தில் பால் எடுக்கிறவள், சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் கைகாட்டினாள். "அங்க பாரு, ஆண்டவருக்கே இருதயம் நெஞ்சுக்கு வெளியதான் இருக்கு. ஒனக்க பிள்ளைக்குக் கொஞ்சம் தூரம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போய் மூக்கச் சிந்துகா!"

"மைனி, நெஞ்சடிக்காம எப்பிடி மைனி உயிரோட இருக்கும்?"

"நீதான கான்வென்டுல படிச்சவ. நீ சொல்லு."

அவள் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்தாள், ஆனால் அன்றைக்கு வில்பிரட் மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான், அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தன் பயத்தையும் அடக்கிக்கொள்வதற்காக, போன வருடக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் வரைந்து காட்டினாள். பத்தாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் மனுஷனையும் வலப்பக்கம் மரத்தையும் வரைந்தது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. மனுஷனுக்கு நடுவில் இருதயம், அது ஒரு பம்பு, அது தள்ளத் தள்ள ரத்தம் கால்விரல் வரைக்கும் போய், போனதெல்லாம் திரும்பி அதனிடமே வரும், ஒரு வட்டம். மரத்துக்குப் பம்பு கிடையாது. உச்சியில் இலைகள் வெயிலில் காயக் காய, அந்தத் தாகமே வேரிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டுவரும், அதற்கு சைலம் என்று ஒரு குழாய். இலையில் சமைத்த சாப்பாட்டைக் கீழே கொண்டுபோக புளோயம் என்று பட்டையை ஒட்டி இன்னொரு குழாய். இதில் தண்ணீர் ஏறுகிற குழாய் செத்துப்போன குழாய் என்றும், உயிரை ஏற்றுவதற்காகவே அது செத்துப்போகிறது என்றும் சிஸ்டர் சொன்னபோது வகுப்பே சிரித்தது, கிளாடிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

பரீட்சையில் இதே கேள்வி வந்து அவளுக்கு ஐந்துக்கு நாலுதான் கிடைத்தது. மரத்தின் தண்ணீரும் போன வழியே திரும்பி வேருக்கு வரட்டுமே என்று, மனம் கேட்காமல், அவள் ஒரு அம்புக்குறியைக் கூடுதலாகப் போட்டிருந்தாள். சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: மரத்துக்குத் திரும்பும் அம்பு கிடையாது.

"அப்பம் இருதயம் இல்லாம ஒரு உயிரு நூறு வருஷம் நிக்கும்?" என்று பிலோமினா கேட்டாள்.

"நிக்கும் மைனி. மரம் நிக்குதுல்லா."

வில்பிரட் அன்று சாப்பிட்டான். லயமே நிம்மதியாகச் சாப்பிட்டது. காலண்டர் தாள் ரேஷன் கடை வரைக்கும் கைமாறிப் போய், நாலாம் நாள் ஜெனிஷா நெஞ்சில்லாத பிள்ளை என்பது ஆறு விரல் உள்ள பிள்ளை என்பதைப் போல ஆகிவிட்டது.

குழந்தை மரத்தின் வழியில் வளர்ந்தது. வெயில் ஜன்னலுக்கு வரும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பி விரல்களை விரித்தது, அந்தியில் விரல்களை மடக்கிக்கொண்டது. அழவே இல்லை. குளிக்கச் சருவத்தில் உட்கார வைத்தால் தண்ணீரை உடம்பால் உறிஞ்சி ஒரு விரக்கடை குறைத்தது, கிளாடிஸ் கொடுத்த முலையை மட்டும் மரியாதையாக மறுத்தது. குடிக்க ஆளில்லாத பால் கிளாடிசின் ரவிக்கையில் கட்டிக் காய்ந்தது. பின்வாசலில் நின்ற மரத்துக்கோ பால் நிற்கவே இல்லை.

அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். ரப்பர் மரம் விடியும் முன்னால்தான் பால் தரும். இலைகள் தண்ணீர் இழுக்கத் தொடங்கும் முன், ராத்திரி முழுக்க நிறைந்து விம்மி நிற்கிற நேரத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டுவார்கள், வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். இந்த மரம் வெயிலுக்கு அசையவில்லை. இதற்குத்தான் உள்ளே தள்ளுவதற்கு ஆள் வந்துவிட்டதே! உச்சிப் பகலிலும் பால் துடித்துத் துடித்து வந்தது, ஒரு துடிப்புக்கு ஒரு பீச்சல். சிரட்டை போதாமல் வாளி, வாளி போதாமல் பீப்பாய். ஐந்தாம் பிளாக் முழுவதும் வயசான மரங்கள், அடுத்த வருடம் தறித்துவிட்டுப் புதுக்கன்று வைப்பதாக இருந்தது. தறிக்கப்போகிற மரத்தை, சாகத்தானே போகிறது என்று மேலும் கீழும் கண்டபடி வெட்டிக் கடைசிச் சொட்டுவரை கறப்பார்கள், அதற்குக் கடும்வெட்டு என்று பேர். மோயீசன் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கி, மரத்தில் காது வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"மத்ததையெல்லாம் தறிங்க. இத மட்டும் தொடப்பிடாது. இது நிக்கட்டும்" என்றார்.

கிளாடிஸ் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் ஜீப்பில் ஏறும்போது வில்பிரட்டிடம், "தெனமும் வெட்டு" என்று சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

மரம் வீட்டின் பின்வாசலோடு ஒட்டி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஓடையுமாக நின்றதால், அதற்குப் போக வழி கிளாடிசின் வீடுதான். முன்வாசலில் நுழைந்து, அடுப்பைத் தாண்டி, பாயைச் சுற்றி, பின்வாசலில் இறங்க வேண்டும். பால் எடுக்கிறவர்கள் போனார்கள், வாளி சுமக்கிறவர்கள் போனார்கள், பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள் போனார்கள், போகிற போக்கில் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்கள், அடுப்பிலிருந்த மரச்சீனிக் கிழங்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்கள், பால் கையால் முன்கதவைப் பிடித்துத் திறந்தார்கள். அந்தக் கைகளின் பால் தாழ்ப்பாளில் படிந்து, காய்ந்து, கறுத்து, மேலும் மேலும் படிந்து, ஒரு மாதத்தில் தாழ்ப்பாள் நகராமல் கதவோடு ஒட்டிப்போனது. பகலானாலும் ராத்திரியானாலும் அந்தக் கதவு அடைபடவில்லை. பங்குச்சாமியார் பிரசங்கத்தில்கூட அதைச் சொன்னார்: "நம் மத்தியில் ஒரு வீடு இருக்கிறது, அதன் கதவு யாருக்கும் அடைக்கப்படுவதில்லை." எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மரத்தால் ஊருக்கு வந்ததை இல்லையென்று சொல்ல முடியாது. லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கோயிலுக்கு மணி வந்தது. பிலோமினாவின் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் வந்தது. ஜெனிஷாவுக்கு மட்டும் முழங்காலில் தோல் சொரசொரப்பாகி வந்தது.

"மைனி, தெனமும் வெட்டப்பிடாது. நாள் விட்டு நாள்தான வெட்டணும்? எந்த மரமானாலும் அதுதான வழக்கம்?"

"அது நெஞ்சில்லாத மரத்துக்கு."

"அது எனக்க பிள்ளைக்க நெஞ்சு!"

"பிள்ளைக்கு எதுக்குட்டீ நெஞ்சு?" பிலோமினாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் கிளாடிசைக் குளிரவைத்தது, கணக்குப் பாடம் மறந்த பிள்ளைக்கு ஞாபகப்படுத்துகிற குரல் அது. "இருதயம் இல்லாம நூறு வருஷம் நிக்கும்னு நீதான படம் போட்டு வெளக்கின? அந்தத் தாளு எங்கிட்ட இருக்கு. நீ படிச்ச பிள்ள, நாங்க ஒன்ன நம்பித்தான இருக்கோம்."

தை பிறந்தது, மலைக்காற்று இறங்கியது, தோட்டத்தில் இலை உதிரத் தொடங்கியது. வருடத்துக்கொரு முறை ரப்பர் மரங்கள் ஒன்றாகச் சிவந்து, ஒன்றாக மொட்டையாகும். அந்த நாட்களில் வெட்டுகாரர்கள் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டிவிடுவார்கள். இலை இல்லாத மரத்தை வெட்டுவது பேறுகாலக்காரியை வேலைக்கு அனுப்புகிற பாவம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குடிகாரன்கூட அந்த வழக்கத்தை மீறியதில்லை. வில்பிரட்டும் கத்தியைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினான். இரண்டாம் நாள் எடுத்துவிட்டான்.

அன்று காலை ஜெனிஷாவின் தலையைத் தடவிய கிளாடிசின் கையோடு முடி மொத்தமாக வந்துவிட்டது. விரல்கள் விரியவில்லை. கன்னம் பழுத்த இலையின் நிறத்தில் இருந்தது. மரத்திலிருந்து சத்தம் வந்தது, ஆனால் இப்போது லப்புக்கும் டப்புக்கும் நடுவில் ஒருவர் மூச்சுவாங்க நிற்கிற இடைவெளி இருந்தது.

"இலை கொழிஞ்சு கெடக்கு. கத்திய வைங்க" என்று அவள் வாசலில் நின்று தடுத்தாள்.

"விடு கிளாடி."

"நீங்க அதுக்க அப்பன்."

வில்பிரட்டின் கண் நிறைந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும், கெட்டவனாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "நான் வெட்டலேன்னா மொதலாளி வேற ஆள விடுவாரு. அவனுக்க கத்தி தடியில படும். நான்னா பாத்து வெட்டுவேன், வலிக்காம வெட்டுவேன். அப்பன் வெட்டுகதுதான நல்லது?"

சொல்லிவிட்டு அவளை மெதுவாக, தோளைப் பிடித்து, வலிக்காமல் நகர்த்தினான். அந்த மெதுவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் சிஸ்டர் பெர்னதெத்தின் கரும்பலகையை மனசுக்குள் துடைக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், உலை வைக்கும்போதும், துணி அலசும்போதும், வாளிகளோடு ஆட்கள் தன் பாயைத் தாண்டிப் போகும்போதும். பட்டையைப் பாதிச் சுற்று வெட்டினால் மரம் பிழைக்கும், வெட்டுகாரர்கள் பாதிச் சுற்றோடு நிறுத்துவது அதனால்தான். முழுச் சுற்றும் மோதிரம்போல உரித்துவிட்டால் மேலேயுள்ள சாப்பாடு கீழே வராது, வேர் பட்டினி கிடக்கும், மரம் நின்றுகொண்டே சாகும். அப்படிச் செத்தால் உள்ளே இருக்கிற நெஞ்சு என்ன ஆகும் என்று சிஸ்டர் சொல்லித்தரவில்லை, பரீட்சைக்கு அது வராது. ஆனால் சம்பளம் நின்றுபோன வீட்டில் வேலைக்காரி தங்கமாட்டாள் என்பதற்கு கான்வென்ட் படிப்பு வேண்டியதில்லை. அல்லது தங்கிவிடுவாள், அங்கேயே பட்டினி கிடந்து முடிந்துபோவாள். இரண்டில் ஒன்று. இப்படியே விட்டால் இருப்பதோ ஒன்றே ஒன்று.

விபூதிப் புதன் காலையில் புது மணி அடித்தது. லயம் முழுவதும் சாம்பல் பூசப் போனது, வில்பிரட்டும் போனான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கிளாடிஸ் நின்றுகொண்டாள். பொய்யில்லை.

ஆணியிலிருந்து கத்தியை எடுத்தாள். பின்வாசலில் இறங்கினால் இரண்டே எட்டு. வில்பிரட்டின் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே அழகாகச் சாய்ந்து பாதி மரத்தோடு நின்றிருந்தது, அவ்வளவு சுத்தமான வேலை, ஒரு இடத்தில்கூட தடி தெரியவில்லை. மீதிப் பாதியை அவள் தொடங்கினாள். அவள் கைக்குப் பழக்கமில்லை. கத்தி வழுக்கியது, தடியில் பட்டது, படட்டும், தடியில் படத்தான் வந்திருக்கிறாள். பால் முகத்தில் பீச்சியது, கண்ணில் எரிந்தது. மரம் வேகமாக அடித்தது, ஓடிவந்தவர்களின் நெஞ்சுபோல அடித்தது, அவள் தன் நெற்றியைப் பட்டையில் முட்டி, "வா மக்களே, வீட்டுக்கு வா, கொஞ்சதூரந்தான், வா" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்து, கடைசி விரக்கடைப் பட்டையை உரித்து, இரண்டு முனையையும் சேர்த்தாள்.

லப், என்றது மரம். அவள் காத்திருந்தாள். பின்பாதி வரவில்லை.

பால் நின்றுவிட்டது. தோட்டம் முழுவதும் மொட்டைக் கிளைகளில் காற்று மட்டும் இருந்தது. கத்தியைப் பிடித்தபடி, இனி வாழ்க்கை முழுதும் எதைக் கேட்டாலும் இந்தச் சத்தமின்மைதான் கேட்கும் என்று அவள் நினைத்த அந்த நேரத்தில், வீட்டுக்குள்ளிருந்து ஒரு அழுகை வந்தது. ஐந்து மாதமாக அழாத அழுகை, ஒட்டுமொத்தமாகச் சேர்த்து வைத்த அழுகை, பசியின் கோபமான அழுகை.

அவள் ஓடி நுழைந்து பின்கதவைச் சாத்தி, அரிசிப் பெட்டியைத் தள்ளி அண்டக்கொடுத்துவிட்டு, பிள்ளையை அள்ளினாள். முகத்தில் ரத்தம் ஏறிச் சிவந்துகொண்டிருந்தது. நெஞ்சில் காது வைத்தாள். டப், என்றது, மரம் விட்ட இடத்திலிருந்து. பிறகு லப் டப், லப் டப். நெஞ்சின் மேல்தோலில், இடது மேலிருந்து வலது கீழாக, சுத்தமான ஒரு வெள்ளைத் தழும்பு சாய்ந்து கிடந்தது. தடியில் படாத வெட்டு. பிள்ளை அவள் ரவிக்கையை முட்டித் தேடிக் கவ்விக்கொண்டது.

கோயில் கலைந்துவிட்டது. முற்றத்தில் பேச்சுச் சத்தம், வாளிச் சத்தம். யாரோ பாறையில் ஏறி மரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மரம் நின்னுபோச்சு, ஆரோ சுத்தி உரிச்சிருக்கினும்!" என்று அலறினார்கள். பிறகு எல்லாரும் முன்வாசலுக்கு முன்னால் வந்து நின்றார்கள், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு, திறந்து கிடந்த கதவுக்கு வெளியே, பழக்கமில்லாமல் தயங்கிக்கொண்டு. உள்ளே பிள்ளை பால் குடிக்கும் சத்தம் அவர்களுக்கும் கேட்டது.

"நெஞ்சு திரும்பி வந்திருக்கு" என்று பிலோமினா மெதுவாகச் சொன்னாள். "அப்பம் பாலும் அதுக்குள்ளதான வந்திருக்கும்."

அப்படி ஒரு நினைப்பு அதுவரை யாருக்கும் இல்லை. இப்போது எல்லாருக்கும் இருந்தது.

"ஒண்ணும் பெருசா வேண்டாம் மக்களே" என்று பிலோமினா கதவை நோக்கிச் சொன்னாள், அவ்வளவு பாசமாக. "லேசா. மேல்தோல்ல மட்டும். நாள் விட்டு நாள், ஒனக்க இஷ்டம்போலத்தான். இலை கொழியுற காலத்துல தொடவே மாட்டோம். வேற ஆளு யாரும் இல்ல, அப்பன்தான வெட்டப்போறான், அவனுக்க கத்தி தடியில படாதுல்லா."

கிளாடிஸ் கதவுக்குப் பின்னால் நின்று, வில்பிரட் வேண்டாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். பிள்ளையின் நெஞ்சு தன் நெஞ்சோடு அடிப்பதை எண்ணினாள். ஒன்று. இரண்டு. அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஏழு. எட்டு. சொல்லிவிடுவான். பன்னிரண்டு.

"கிளாடி," என்றான் வில்பிரட், "எனக்க கத்தி எங்கட்டீ?"

அவள் ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி முன்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் ஐந்து மாதக் கைகளின் பால் கறுத்து இறுகியிருந்தது. கத்தி முனையை அதன் அடியில் கொடுத்து நெம்பி, நீளமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உரித்து எறிந்துவிட்டு, அவள் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டாள்.